பழைய டிவிடியும் ஈலியத்தின் மஞ்சள் கோடும்

பிரபஞ்சத்தில் ஐதரசனுக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது ஈலியம். விண்மீன்களும் வாயுமுகில்களும் ஆன சாதாரணப் பொருளின் நிறையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அதுதான். ஒளியை நிறங்களாக விரித்தால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய இடங்களில் கோடு போடும், அந்தக் கோட்டால்தான் அதை அடையாளம் காண்கிறோம். இருந்தும் வானத்தில் தேடிப் போனால் எல்லா இடத்திலும் ஈலியம் முகம் காட்டாது. சூரியனில் நிறைந்து கிடந்தும் பகல் வெளிச்சத்தில் அதன் கோடு விழுவதில்லை. வியாழனில் நிறையக் கிடக்கிறது, அங்கும் தெரியாது. 1,100 ஒளியாண்டுக்கு அப்பால் நிற்கும் ஒரு விண்மீனிலோ சாதாரண கமராவுக்கே பிடிபடும். எங்கே தெரியும், எங்கே தெரியாது, ஏன் என்பது விளங்காமல் கருவி செய்தால், வேறெதையோ பிடித்து ஈலியம் என்று எழுதி வைப்பீர்கள். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் அந்தப் பிழை சுலபமாக நேரும். காரணம் நம் காற்றின் ஈரம். அது வரும் இடத்தில் விவரமாகச் சொல்லியிருக்கிறோம்.

முதலில் ஒரு பழைய டிவிடியால், ஒளியை நிறங்களாக விரித்துக் காட்டும் நிறமாலைகாட்டி ஒன்றைச் செய்யவேண்டும். பிறகு அதற்கு அளவு போடவேண்டும். கடைசியில் இரவு வானத்துக்குத் திரும்பவேண்டும். உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவர்களுக்கு முதல் இரண்டும் ஒரு சனிக்கிழமை வேலை. மூன்றாவதற்குப் பொறுமையும் நல்ல இரவும் வேண்டும்.

அந்த மஞ்சள் கோடு எங்கிருந்து வந்தது

1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் இந்தியாவின் குறுக்கே போனது. ஆந்திரக் கரையில் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் நிறமாலைகாட்டியோடு காத்திருந்தார். சூரியனின் விளிம்பிலிருந்து எழும் தீச்சுவாலைகளில் பிரகாசமான கோடுகள் தெரிந்தன, அவற்றில் ஒன்று மஞ்சள். அதே ஆண்டு ஒக்டோபர் 20 இல் இங்கிலாந்தில் வானியலாளர் லொக்கியர் கிரகணம் இல்லாமலே அந்தச் சுவாலைகளைப் பார்த்து, மஞ்சள் கோடு சோடியத்தின் இரட்டைக் கோட்டோடு பொருந்தவில்லை என்று கண்டார். சோடியத்தின் கோடுகளுக்கு டி1, டி2 என்று ஏற்கெனவே பெயர் இருந்ததால் இது டி3 ஆனது. சூரியனுக்குக் கிரேக்கத்தில் ஹீலியோஸ். அதிலிருந்துதான் தனிமத்துக்குப் பெயர் வந்தது. பூமியில் அது கையில் கிடைக்க 1895 ஆகிவிட்டது: யுரேனியம் கலந்த ஒரு கனிமத்திலிருந்து வந்த வாயுவில் வேதியியலாளர் ராம்சே அதே மஞ்சள் கோட்டைக் கண்டார்.

கையில் எடுத்துவைத்துக்கொள்ளவேண்டிய எண்கள் மூன்று, மூன்றும் அலைநீளங்கள். டி1 என்பது 589.6 நனோமீற்றர், டி2 என்பது 589.0, ஈலியத்தின் டி3 என்பது 587.6. சோடிய இரட்டையின் நடுவுக்கும் ஈலியத்துக்கும் இடைவெளி வெறும் 1.7 நனோமீற்றர். இந்த 1.7 ஐப் பிரித்துக் காட்டாத கருவி இந்த வேலைக்கு உதவாது. கீழே வரும் அளவுகள் எல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

கருவி

வேண்டியவை: எழுதத்தக்க வெற்று டிவிடி ஒன்று, சேவிங் பிளேட் ஒன்று, 30 சென்ரிமீற்றர் நீளமும் 8 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள மட்டைப் பெட்டி, பளபளப்பில்லாத கறுப்புத் தாள், கறுப்பு ரேப், சேர்ஜிக்கல் ஸ்பிரிட் கொஞ்சம், கமரா உள்ள போன். கடையில் வாங்கும் படம் பதிந்த டிவிடி வேண்டாம். நாமே பதியும் வகைதான் சுலபமாகப் பிரியும்.

டிவிடி என்பது 0.6 மில்லிமீற்றர் தடிப்பான இரண்டு தட்டுகள் ஒட்டிய ஒரு தட்டு. கத்தரிக்கோலால் கால் பங்கை வெட்டி எடுங்கள். வெட்டிய விளிம்பில் பிளேட்டின் முனையை மெல்ல நுழைத்துத் திருப்பினால் இரண்டும் கழன்று வரும். ஒன்றில் வெள்ளிப் படலம் இருக்கும், மற்றது ஊதாச் சாயம் படிந்த கண்ணாடி போன்ற தட்டு. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவதுதான். ஸ்பிரிட்டை அதன்மேல் ஊற்றி ஆட்டிச் சாயத்தைக் கழுவுங்கள். பஞ்சால் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் தடங்கள் கீறுப்படும். கழுவி நிழலில் உலர்த்தி, வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். வானவில் தெரிந்தால் சரி.

இதுதான் நம் நெய்யரி, அதாவது நெருக்கமான கோடுகளால் ஒளியை நிறங்களாக விரிக்கும் தட்டு. டிவிடியின் தடங்களுக்கு இடையே 0.74 மைக்ரோமீற்றர், அதாவது மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 1,350 கோடு. சிடியில் அந்த இடைவெளி 1.6 மைக்ரோமீற்றர், எனவே நிறங்கள் பாதிக்கும் குறைவாகவே விரியும். சிடியால் செய்தால் சோடியமும் ஈலியமும் ஒட்டிப்போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டின் வெளி விளிம்பிலிருந்து 2 சென்ரிமீற்றர் சதுரமாக ஒரு துண்டு வெட்டுங்கள். உள்பக்கத்துத் தடங்கள் அதிகம் வளைந்தவை, கோடுகளும் வில்லாக வளைந்து வரும்.

அடுத்தது பிளவு, ஒளி உள்ளே வரும் மெல்லிய இடுக்கு. கருவியின் உயிர் இதில்தான் இருக்கிறது. பிளேட்டை அதன் மேலுறையோடேயே நடுவால் முறித்து இரண்டாக்குங்கள், உறை இல்லாமல் முறித்தால் துண்டு பறக்கும். பெட்டியின் ஒரு முனையில் 2 சென்ரிமீற்றர் உயரமும் அரை சென்ரிமீற்றர் அகலமுமாக ஒரு சன்னல் வெட்டி, இரண்டு கூர்விளிம்பும் ஒன்றையொன்று பார்க்கும்படி அதன்மேல் ஒட்டவேண்டும். இடைவெளியைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். சாதாரண ஏ4 தாளின் தடிப்பு சுமார் 0.1 மில்லிமீற்றர். முதல் பாதியை ஒட்டி, அதன் விளிம்போடு தாளின் ஒரு துண்டை நிமிர்த்தி வைத்து, மற்றப் பாதியை அதில் முட்டும்படி ஒட்டியபின் தாளை மேல்நோக்கி உருவினால் சரியான பிளவு கிடைக்கும். இதையே 1 மில்லிமீற்றர் விட்டீர்கள் என்றால் ஒவ்வொரு கோடும் 2 நனோமீற்றர் அகலமாகிவிடும். டி3 சோடியத்துக்குள் மறைந்துபோகும். பலருடைய கருவி தோற்பது இந்த இடத்தில்தான்.

பெட்டியின் உள்ளே முழுவதும் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். பிளவுக்கு எதிர்முனையில், பிளவிலிருந்து 25 சென்ரிமீற்றர் தூரத்தில் போன் வரவேண்டும். நெய்யரித் துண்டைப் போன் கமராவின் கண்ணாடிமேல் தட்டையாக, இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். தடங்கள் ஓடும் திசை பிளவுக்குச் சமாந்தரமாக இருக்கவேண்டும். குறுக்காக ஒட்டினால் வானவில் மேலும் கீழுமாக விரிந்து ஒரு கோடும் தெரியாது. பிறகு போனை, பிளவை நேரே பார்க்காமல், பெட்டியின் நீளத்துக்கு 47 பாகை சாய்த்து வைக்கவேண்டும். இந்தச் சாய்வில் பச்சை நிறம் படத்தின் நடுவில் விழும், மஞ்சள் அதற்குப் பக்கத்தில். பெட்டியின் அந்த முனையை 47 பாகையில் சரித்து வெட்டிவிட்டால் போன் அதில் படுத்துக்கொள்ளும். சுற்றிலும் கறுப்பு ரேப். ரோச் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து இருட்டறையில் பாருங்கள், பிளவைத் தவிர வேறெங்காவது வெளிச்சம் ஒழுகினால் அடையுங்கள்.

போனில் குவியத்தைப் பிளவின்மேல் வைத்துப் பூட்டிவிடுங்கள். வெளிச்ச அளவையும் கையால் குறையுங்கள். தானாக இயங்கவிட்டால் போன் மஞ்சளை வெள்ளையாக எரித்துவிடும், எரிந்த படத்தில் இரண்டு கோடு ஒரு தடித்த கோடாகத்தான் நிற்கும்.

அளவு போடுவது

பழைய சிஎஃப்எல் பல்ப் ஒன்று வீட்டில் இருந்தால் எறியாதீர்கள். அதற்குள் இருக்கும் இரசம் நான்கு நம்பகமான கோடுகளைத் தரும்: நீலத்தில் 435.8, பச்சையில் 546.1, மஞ்சளில் 577.0, 579.1 நனோமீற்றர். எல்ஈடி பல்ப் இதற்கு ஆகாது. அதன் வெளிச்சம் கோடில்லாத தொடர் பட்டை.

படம் எடுத்து, நீலக் கோடும் பச்சைக் கோடும் எந்தப் பிக்சலில் விழுகின்றன என்று குறியுங்கள். ஓர் உதாரணம்: நீலம் 1210, பச்சை 1762 என்று வந்தால் இடைவெளி 552 பிக்சல். அலைநீள இடைவெளி 110.3 நனோமீற்றர். வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 0.2 நனோமீற்றர். இனி 1970 இல் ஒரு கோடு தெரிந்தால், பச்சையிலிருந்து 208 பிக்சல், அதாவது 41.6 நனோமீற்றர். கூட்டினால் 587.7. ஈலியம் அங்கேதான் வரவேண்டும். சோடியம் 1978 இல், எட்டுப் பிக்சல் தள்ளி.

அதைச் சரிபார்க்கச் சமையலறைக்குப் போங்கள். மெல்லிய கம்பி ஒன்றை நல்ல உப்புக்கரைசலில் தோய்த்துக் காஸ் அடுப்பின் நீலச் சுவாலையில் பிடித்தால் சுவாலை மஞ்சளாகும். பிளவை அதை நோக்கித் திருப்பிப் படம் எடுங்கள். நீங்கள் கணக்கிட்ட 1978 இல் அது நின்றால் அளவு சரி. மூன்று, நான்கு பிக்சல் தள்ளி நின்றால் போன் பெட்டியில் அசைந்திருக்கிறது. ரேப்பால் இறுக்கி முதலிலிருந்து தொடங்குங்கள். போனைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அளவு புதிதாகப் போடவேண்டும், பழைய எண் செல்லாது.

பாடசாலை ஆய்வுகூடத்தில் ஈலிய மின்னிறக்கக் குழாய் இருந்தால் அது பெரிய வரம். ஆசிரியர் பக்கத்தில் நிற்கவேண்டும். அதற்குப் போகும் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ற், கரண்டை நிறுத்தாமல் குழாயைத் தொடவே கூடாது. 30 செக்கன் எரியவிட்டு 30 செக்கன் அணையுங்கள், தொடர்ந்து எரித்தால் குழாய் சூடாகிப் பழுதாகும். கண்ணுக்கு அந்த ஒளி வெளிறிய மஞ்சள்கலந்த இளஞ்சிவப்பு. கருவியில் பார்த்தால் இப்படிப் பிரியும்:

447.1 — நீலம்
471.3 — நீலம், மங்கல்
492.2 — நீலப்பச்சை
501.6 — பச்சை
587.6 — மஞ்சள், எல்லாவற்றிலும் பளிச்சென்றது
667.8 — சிவப்பு
706.5 — ஆழ்சிவப்பு, போன் கமராவில் பெரும்பாலும் தெரியாது

குழாய் இல்லையென்று பலூன் வாயுவை வாங்காதீர்கள். குளிர்ந்த வாயு ஒளிராது. திருவிழாக் கடைகளில் விற்கும் பலூனுக்குள் இருப்பது ஈலியமா, தீப்பற்றும் ஐதரசனா என்று பார்த்துச் சொல்லவும் முடியாது.

பகல் வெளிச்சத்தில் ஏன் இல்லை

இப்போது கருவியைப் பகல் வானத்துக்குத் திருப்புங்கள். சூரியனுக்கு நேரே ஒருபோதும் திருப்பாதீர்கள். வெயில் படும் வெள்ளைத் தாளை நோக்கினால் போதும். நிறப்பட்டையின்மேல் கறுப்புக் கோடுகள் தெரியும்: 656.3 இலும் 486.1 இலும் ஐதரசன், 517 ஐச் சுற்றி மக்னீசியம், 589 இல் சோடியம். 587.6 இல் ஒன்றும் இராது.

சூரியனின் வெளிப்பகுதியில் நிறையில் நாலில் ஒரு பங்கு ஈலியம். மையத்தில் ஒவ்வொரு செக்கனும் சுமார் 60 கோடி தொன் ஐதரசன் ஈலியமாக மாறுகிறது. அப்படியிருந்தும் கோடில்லை. ஈலியத்தின் இரண்டு இலத்திரன்களும் கருவோடு மிக இறுக்கமாகப் பிணைந்தவை. 587.6 ஐ உறிஞ்சவேண்டுமானால் அணு முதலில் ஏறக்குறைய 21 இலத்திரன்வோல்ற்று (இது அணுக்களின் சக்தியை அளக்கும் அலகு) உயரத்துக்கு ஏறி நிற்கவேண்டும். சூரியன் மேற்பரப்பின் வெப்பநிலை சுமார் 5,800 கெல்வின், அந்த வெப்பத்தில் ஒரு துணிக்கைக்குச் சராசரியாகக் கிடைப்பது ஒரு இலத்திரன்வோல்ற்றும் இல்லை. ஏணியின் முதற்படிக்கே எட்டாது. சோடியத்துக்கு அந்த ஏறுதலே தேவையில்லை, தரையில் நின்றபடியே மஞ்சளை உறிஞ்சும். அதனால்தான் சூரியனில் மிக அற்பமாக உள்ள சோடியம் தடித்த கோடு போடுகிறது, கடலாகக் கிடக்கும் ஈலியம் மௌனமாக இருக்கிறது. கோட்டின் தடிப்பைப் பார்த்துப் பொருளின் அளவைச் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மேற்பரப்புக்கு மேலே உள்ள மெல்லிய நிறமண்டலம் அதைவிடச் சூடானது. மேலிருந்து புறஊதாக் கதிரும் அதன்மேல் விழுகிறது. அங்கே ஈலியம் ஒளிரும், ஆனால் சூரியத் தட்டின் பேரொளி மறைக்கப்பட்டால்தான் நம் கண்ணுக்குத் தெரியும். குண்டூரில் கிரகணம் அந்த மறைப்பைச் செய்தது. இலங்கையின் குறுக்கேயும் 1955 ஜூன் 20 இல் ஒரு முழுக்கிரகணம் போயிருக்கிறது.

நம் கரையின் பிழை இங்கேதான் வரும். எழுவான்கரையில் கடலிலிருந்து சூரியன் கிளம்பும் நேரத்திலும், படுவான்கரைப் பக்கம் அது விழும் நேரத்திலும் இந்தப் படத்தை எடுத்தால், சோடியக் கோட்டின் இரு பக்கமும், முக்கியமாகச் சிவப்புப் பக்கம், மெல்லிய நிழல்கள் தோன்றும். மஞ்சளில் புதுக் கோடு என்று கண்டதும் ஈலியம் என்று மனம் துள்ளும். அது நம் காற்றில் உள்ள நீராவி. நீராவிக்குச் சோடியத்தைச் சுற்றியே ஒரு கூட்டம் கோடுகள் உண்டு. 19 ஆம் நூற்றாண்டில் மழை வருமா என்று பார்க்கவே இந்தப் பட்டையைப் பயன்படுத்தினார்கள். வாவியும் கடலும் இரண்டு பக்கமும் இருக்கும் ஊரில், தாழ்ந்த சூரியனின் ஒளி மிக நீளமான ஈரக்காற்றைக் கடந்து வருகிறது. சோதிக்கும் வழி சுலபம்: அதே தாளை, அதே கருவியால், நண்பகல் 12 மணிக்கும் மாலை 5.45 க்கும் எடுங்கள். மாலையில் தடித்து, நண்பகலில் மெலிந்தால் அது பூமியின் கோடு. சோடியமும் ஐதரசனும் அவ்வளவு மாறா. கச்சான் காற்று வரண்டு வீசும் நாளில் ஒன்று, மழை விட்ட மறுநாள் ஒன்று என்று எடுத்து வைத்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும்.

வியாழனைப் பிடித்தாலும் ஈலியம் வராது. அங்கிருந்து வருவது திருப்பியனுப்பப்பட்ட சூரிய ஒளி. 1995 டிசம்பர் 7 இல் கலிலியோ கலத்தின் துணைக்கலம் வியாழனின் முகிலுக்குள் இறங்கி நேரடியாக அளந்தபோது, ஈலியம் நிறையில் ஏறக்குறைய 24 வீதம் இருந்தது. சூரியன் பிறந்தபோது இருந்த 27 வீதத்தைவிடக் கொஞ்சம் குறைவு. வியாழனின் ஆழத்தில் ஈலியம் துளித்துளியாகப் பிரிந்து உள்ளே மழையாக இறங்குவதுதான் காரணம் என்பது விளக்கம். சந்திரனின் புழுதியிலும் ஈலியம் உண்டு, சூரியக்காற்று கொண்டுவந்து புதைத்தது. அதுவும் கருவியில் தெரியாது.

பூமியில் உள்ள ஈலியம் இந்தக் கணக்கில் சேராது. நம் காற்றில் அது பத்து இலட்சத்தில் ஐந்து பங்குதான். இலேசான வாயு, பூமியின் ஈர்ப்பு பிடித்து வைக்காது. இருப்பது பாறைக்குள் யுரேனியமும் தோரியமும் சிதைந்து விட்டுச்செல்வது. புல்மோட்டைக் கனியமணலில் உள்ள மொனசைற் தோரியம் கொண்டது, அதற்குள்ளும் இப்படி அடைபட்ட ஈலியம் உண்டு. 1908 இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஈலியத்தை முதன்முதலாகத் திரவமாக்கியபோது அந்த வாயுவை எடுத்தது மொனசைற் மணலைச் சூடாக்கித்தான்.

இரவில் எங்கே பிடிப்பது

சூடான இடம் வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. ஒரியனின் இடுப்பில் நடுவில் நிற்கும் அல்நிலம், கன்னியில் உள்ள சித்திரை, இவை 20,000 கெல்வினுக்கு மேல் சூடானவை, ஈலியக் கோடுகள் அங்கே உண்டு. ஆனால் மெல்லிய கறுப்புக் கோடுகள். வீட்டில் செய்த கருவிக்கு எட்டுவது கடினம். ஆரம்பிப்பவர் குறிவைக்கவேண்டியது, தொடக்கத்தில் சொன்ன 1,100 ஒளியாண்டு தூரத்து விண்மீனான காமா வெலோரம். அதன் கோடுகள் கறுப்பு அல்ல, பிரகாசமாக எரிபவை, அகலமானவை.

இதில் இரண்டு விண்மீன் ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒன்று வூல்ஃப்-ராயே வகை, 50,000 கெல்வினுக்கு மேல். தன் ஐதரசன் மேலுறையை முழுவதும் ஊதித் தள்ளிவிட்டு உள்ளே சமைந்த பொருளை வெளியே காட்டி நிற்கிறது. மூன்று ஈலியக் கரு சேர்ந்தால் ஒரு காபன் கரு. அந்தக் காபனையும், இன்னும் எரியாத ஈலியத்தையும் சேர்த்தே அது செக்கனுக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசுகிறது. ஈலியத்தையும் அது எரிந்த சாம்பலையும் ஒரே படத்தில் காணக்கூடிய, வெறுங்கண்ணுக்கும் தெரிகிற விண்மீன் இது. வட ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இது அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. மட்டக்களப்பிலிருந்து பார்த்தால் தெற்கே 35 பாகை உயரத்துக்கு ஏறும்.

நேரம்: மார்ச் இரண்டாம் வாரத்தில் இரவு 9 மணிக்கு நேர்தெற்கே உச்சத்தில் நிற்கும். பெப்ரவரி நடுவில் 10.30 க்கு, ஏப்ரல் புத்தாண்டு வாரத்தில் இருட்டியவுடன். மாரிமழை விட்டபின் வரும் காலம் என்பதால் நமக்கு வசதி.

கண்டுபிடிப்பது: தெற்கே பார்த்து நின்று, சிரியசுக்குக் கீழே அகத்தியர் (கனோபஸ்) என்ற பிரகாசமான விண்மீனைப் பிடியுங்கள். கையை நீட்டி ஒரு சாண் விரித்தால், அகத்தியரிலிருந்து இடப்பக்கமாக, சற்று மேலே, கிட்டத்தட்ட அந்தச் சாணின் மறுமுனையில் காமா வெலோரம். அதற்கு நேர்மேலே ஒரு மூடிய கைமுட்டிக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் சீற்றா பப்பிஸ் என்ற விண்மீன் நிற்கும். இரண்டையும் ஒரே படத்தில் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும், ஒப்பிட.

இடம்: கல்லடிக் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால் காத்தான்குடி தொடங்கிக் கல்முனை வரை கரையோர வெளிச்சம். படுவான்கரைக்குள் போனால் தென்வானம் கறுப்பாக இருக்கும். அம்பாறைப் பக்கம் பொத்துவில், பாணமை நல்லது. யானை நடமாடும் இடங்களில் குளக்கட்டில் தனியே நிற்காதீர்கள். வீட்டு முற்றமோ கோயில் வீதியோ போதும்.

கருவி: போன் இங்கே போதாது. லென்ஸ் மாற்றக்கூடிய கமரா, 50 மில்லிமீற்றர் லென்ஸ், முக்காலி, மில்லிமீற்றருக்கு 100 கோடுள்ள நெய்யரி. நெய்யரியை லென்சுக்கு முன்னே பொருத்துங்கள். பிளவு தேவையில்லை, விண்மீனே புள்ளியாக இருப்பதால் அதுவே பிளவு. டிவிடித் துண்டை இதற்கு வைக்காதீர்கள், மங்கலான ஒளியை அளவுக்கு மீறி விரித்துக் கரைத்துவிடும். 500 கோடு உள்ள நெய்யரிதான் கிடைத்தது என்றால் மஞ்சள் 17 பாகை தள்ளி விழும். கமராவை விண்மீனிலிருந்து அவ்வளவு திருப்பாவிட்டால் படத்தில் வானவில்லே இராது.

நெய்யரியைச் சுழற்றி, வானவில் வடக்கு–தெற்காக விரியும்படி வையுங்கள். கெட்டிக்காரத்தனம் இந்த ஒரு திருப்பத்தில் இருக்கிறது. பூமி சுழல்வதால் விண்மீன் மேற்கே நகரும், வானவில் குறுக்காக இழுபட்டு நூல்போல இருந்தது நாடாவாகும். நாடாவில் கோடுகள் கண்ணுக்கு உடனே தெரியும். கிழக்கு–மேற்காக விரிந்தால் அதே நகர்வு எல்லாக் கோட்டையும் பூசி அழித்துவிடும். ஐஎஸ்ஓ 1600, துவாரம் எஃப் 2.8, 20 செக்கன். குவியத்தைக் கையால், திரையில் பெரிதாக்கி, விண்மீன்மேலேயே வையுங்கள். 20 படம் எடுங்கள்.

பிக்சல் 4 மைக்ரோமீற்றர் என்றால் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 0.8 நனோமீற்றர். விண்மீனின் நேர்ப்புள்ளியிலிருந்து எண்ணுங்கள்: 586 ஆம் பிக்சலில் அயன் ஈலியத்தின் (ஓர் இலத்திரனை இழந்த ஈலியம்) 468.6, பக்கத்தில் உள்ள காபனின் 465 உடன் சேர்ந்து நீலத்தில் ஒரே பளிச்சென்ற கட்டியாக. 713 இல் காபனின் 569.6, 727 இல் காபனின் 580.8. அந்தக் கடைசிக் காபன் கட்டியின் சிவப்புப் பக்கத்தில், 736 இல், ஒரு சரிந்த தோள் தெரியும். 587.6. அது தனிக் கோடாக நிற்காது, விண்மீன் தன் பொருளை வீசும் வேகமே அதை அகலமாக்கிவிடுகிறது. பக்கத்து சீற்றா பப்பிஸின் நாடா அதே இடத்தில் வழவழப்பாக இருந்தால், நீங்கள் கண்டது கமராவின் குறை அல்ல. அளவைச் சரிபார்க்க சிரியசை ஒரு படம் எடுங்கள். ஐதரசனின் 486.1, 608 ஆம் பிக்சலில் கறுப்பாக நிற்கவேண்டும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் பனியால். வாவிக்கரையில் ஒன்பது மணிக்கு மேல் லென்சில் நீர் பூக்கும், நாடா மெல்ல மெல்ல மங்கும், திரையில் பார்த்தால் முகில் என்று தோன்றும். கறுப்புத் தாளை லென்சைச் சுற்றி 10 சென்ரிமீற்றர் நீட்டிக் குழாயாகக் கட்டுங்கள். படங்களுக்கு இடையே கமராவை உலர்ந்த துணிக்குள் வையுங்கள். கடற்கரையில் எடுத்தால் நெய்யரியில் உப்புப் படியும், துடைத்தால் கீறும். வீட்டுக்கு வந்ததும் அதன் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு மூடி, பிறகு ஊதுபந்தால் ஊதி எடுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் திகதி, நேரம், செக்கன், காற்றின் திசை, முகில் எவ்வளவு என்று கொப்பியில் எழுதுங்கள். மே மாதக் கடைசியில் இரவு 9 மணிக்குச் சித்திரை உச்சிக்குக் கிட்ட 71 பாகையில் வரும். அதே கமரா, அதே நெய்யரி, ஆனால் 135 மில்லிமீற்றர் லென்ஸ், செக்கன் 20 க்குப் பதில் 8. நீண்ட லென்சில் விண்மீன் அவ்வளவு வேகமாக ஓடும். நீலத்தில் 447.1 இல் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றைத் தேடுங்கள். ஒரு படத்தில் தெரியாது, 20 படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள்.